மூளை செல்லில் ஒரு 'காளான்': ஸ்பைன்களை வடிவம் பார்த்துப் பிரிப்பதில் என்ன சிக்கல்?

'காளான் வடிவ ஸ்பைன்கள் குறைந்தன' என்று அல்சைமர் பற்றிய ஆய்வுச் செய்தி எதிலாவது நீங்கள் படித்திருக்கலாம். மூளையில் ஏது காளான் என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் பெரிய அளவீட்டுச் சிக்கல் இருக்கிறது.

முதலில், ஸ்பைன் என்றால் என்ன?

நியூரானின் கிளைகளை டென்ட்ரைட் என்கிறோம். அதன் மேல் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியின் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவைதான் ஸ்பைன்கள். நீளம் சுமார் 1 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பக்கத்து நியூரான் அனுப்பும் தூண்டல் சிக்னல்களில் பெரும்பாலானவை வந்து இறங்குவது இங்கேதான்.

1888-ல் ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ கஹால் பறவையின் சிறுமூளையில் இவற்றைப் பார்த்து வரைந்தார். 'அதெல்லாம் சாயத்தின் கறை' என்று பலர் ஒதுக்கினார்கள். அவை உண்மையான இணைப்பு முனைகள்தான் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது 1959-ல்.

1970-ல் ஆலன் பீட்டர்ஸும் இட்டா கைசர்மன்-அப்ரமோஃபும் எலியின் மூளைப் புறணியை ஆராய்ந்து மூன்று வகை சொன்னார்கள். தலை பெருத்து, கழுத்து ஒடுங்கியிருந்தால் காளான். சின்னத் தலையும் மெல்லிய கழுத்தும் என்றால் ஒல்லி. கழுத்தே இல்லாவிட்டால் குட்டை. இன்றுவரை பல ஆய்வுகளின் சார்ட்களில் இந்த மூன்று பெயர்களைத்தான் பார்ப்பீர்கள். தலையே இல்லாத, இழை மாதிரி நீண்ட 'ஃபிலோபோடியா'வையும் சிலர் சேர்ப்பார்கள்.

வடிவத்துக்கு அர்த்தம் இருக்கிறது. தலை பெரிதாக இருந்தால் சிக்னல் வாங்கும் புரதங்கள் அதிகம், இணைப்பும் வலு. கழுத்து ஒடுங்கினால் உள்ளே வரும் கால்சியம் சட்டென்று வெளியே கசியாது. அதனால் அந்த ஒரு இணைப்பை மட்டும் தனியாக மாற்றியமைக்க முடிகிறது.

சரி, சிக்கல் எங்கே?

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது. பல ஸ்பைன்களின் கழுத்து அதைவிடவும் ஒல்லி. கழுத்து கட்டையாகவும் இருந்துவிட்டால், படத்தில் தலையும் கிளையும் ஒட்டிக்கொண்டு 'குட்டை' என்று பதிவாகிவிடும். ஸ்டெட் எனும் உயர்திறன் நுண்ணோக்கியில் பிரான்ஸின் போர்டோ ஆய்வாளர்கள் பார்த்தபோது, குட்டை எனக் கணக்கிடப்பட்ட பலவற்றுக்குக் கழுத்து இருந்தது. அந்த ஆய்வு வெளியான 2014-ல்தான் ஸ்டெட்டை உருவாக்கிய ஷ்டெஃபான் ஹெல்லுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இன்னொன்று. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் கழுத்தையும் தலையையும் அளந்து கிராஃப் போட்டால் மூன்று தனித்தனிக் குவியல்கள் வருவதில்லை. அளவுகள் இடைவெளியில்லாமல் தொடர்ந்துகொண்டே போகின்றன. சம்பளத்தை 'லோயர், மிடில், அப்பர்' என்று வெட்டுகிற மாதிரிதான் இதுவும். கோட்டை எங்கே போடுகிறோமோ, அதற்கேற்ப எண்ணிக்கை மாறும். டேட்டாவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பழகிய தலைவலி.

இதனால் என்ன ஆகும்? ஃப்ராஜைல் எக்ஸ் எனும் மரபணுக் குறைபாடு உள்ளவர்களின் மூளையில் நீண்ட, ஒல்லியான ஸ்பைன்கள் அதிகம் என்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். அதே குறைபாட்டைக் கொண்ட சுண்டெலிகளை ஸ்டெட்டில் பார்த்தபோது தெரிந்த வித்தியாசங்களோ ரொம்ப நுணுக்கமானவை. ஒரு மருந்து பலனளிக்கிறதா என்பதை ஸ்பைன் வகைகளை எண்ணி முடிவு செய்தால், அந்த முடிவு லென்ஸைப் பொறுத்தும் மாறலாம்.

ஆகவே அடுத்த முறை 'காளான் ஸ்பைன்' செய்தி வந்தால் ரெண்டு விஷயம் பாருங்கள்: எந்த நுண்ணோக்கி? தலை, கழுத்து அளவுகளை அப்படியே கொடுத்திருக்கிறார்களா, அல்லது வகையின் பெயர் மட்டும்தானா?