சந்தையோடு ஏறி இறங்கும் ஆயுள் காப்பீடு

நோயுற்று மரணத்தை எதிர்நோக்கியிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், தம் செல்வம் முழுவதையும் அறவழியில் அளித்துவிட விழைந்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இசையவில்லை; வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதினும், தன்னிறைவுடையோராய் விட்டுச் செல்வதே மேல் என உணர்த்தினார்கள். எனவே, தமக்குப் பின் மனைவி மக்கள் எவ்வாறு வாழ்வர் எனக் கவலையுறுவது ஈமானின் குறைவாகாது.

அக்கவலையைத் தீர்ப்பதாகக் கூறி நம் வாயிலுக்கு வரும் திட்டங்களுள் ஒன்று, முதலீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு. இந்தியாவில் யூனிட் டிரஸ்ட் 1971-ஆம் ஆண்டிலேயே இவ்வகையைத் தொடங்கிற்று. இன்று 'யூலிப்' என்றால் யாவருக்கும் விளங்கும். பெயர் விளங்கிய அளவுக்கு அதன் இயக்கம் விளங்கியிருக்கிறதா என்பது ஐயமே.

நீங்கள் செலுத்தும் பிரிமியத்தில் செலவினங்கள் போக எஞ்சிய தொகைக்கு, நீங்கள் தேர்ந்த நிதியில் அன்றைய விலையில் யூனிட்டுகள் வாங்கப்படும். பங்குகளின் விலை ஏறினால் யூனிட்டின் விலையும் ஏறும். வீழ்ந்தால் அதுவும் வீழும். அவ்விழப்பு நிறுவனத்தினுடையதன்று, உங்களுடையதே. உயிர்க்காப்புக்குரிய கட்டணமோ, மாதந்தோறும் உங்கள் யூனிட்டுகளைக் கழித்தே எடுக்கப்படுகிறது. பலரும் கவனியாத இடம் இதுதான். கட்டணம் 100 ரூபாய் எனக் கொள்வோம். யூனிட் 20 ரூபாயாக இருக்கையில் 5 யூனிட்டுகள் போகும். 10 ரூபாயாகச் சரிந்தால் 10 யூனிட்டுகள் போகும். வயது ஏற ஏற இக்கட்டணத்தின் விகிதமும் ஏறும். சரிவு நீண்டு, பிரிமியமும் நின்றுவிட்டால், யூனிட்டுகள் கரைந்து காப்பே அற்றுப்போகக் கூடும். முதல் 5 ஆண்டுகளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறவும் இயலாது. 2010 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது.

இலாப நட்டத்தை ஏற்பதால் இதில் வட்டி இல்லை என வாதிடுவோர் உளர். அது பாதி உண்மையே. வட்டி தரும் கடன் பத்திரங்களும், வங்கிப் பங்குகளும், மது ஆலைப் பங்குகளும் அந்நிதியில் இருக்கக் கூடுமல்லவா? மேலும், 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரிமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் 'கரர்' எனும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதாகக் கூறி அதனை விலக்கியது. நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பை ஏற்றது. சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற அறிஞர்கள் காப்பீட்டை அனுமதித்தனர் என்பதையும் மறைத்தல் முறையன்று.

மலேசியாவில் 1984-இல் தகாஃபுல் சட்டம் பிறந்தது. அங்கு உறுப்பினர் செலுத்துவதில் ஒரு பகுதி 'தபர்ரூஃ' எனும் நன்கொடையாகப் பொது நிதியில் சேர்ந்து, மறைந்தோர் குடும்பங்களுக்குச் செல்கிறது. உணவு குன்றியபோது இருந்ததையெல்லாம் ஒரே துணியில் குவித்துச் சமமாய்ப் பகிர்ந்துகொண்ட அஷ்அரீ குலத்தாரை நபியவர்கள் போற்றியதை இங்கு நினைவுகூரலாம். மறு பகுதி ஷரீஅத்துக்கு இணங்கிய பங்குகளில் முதலிடப்படுகிறது. ஆயினும் 'ஹலால்' என்ற முத்திரை விலைச் சரிவைத் தடுத்துவிடாது. அங்கும் யூனிட் வீழ்ந்தால் இழப்பு உறுப்பினருக்கே.

ஆகவே அன்பர்களே, கையொப்பமிடுமுன் முகவரிடம் கேளுங்கள்: என் பணம் எந்தப் பங்குகளுக்குச் செல்லும்? நிதி முற்றிலும் சரிந்த நாளில் நான் இறந்தால் என் குடும்பத்துக்கு உறுதியாகக் கிடைப்பது எவ்வளவு? விடைகளை எழுத்தில் பெறுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையும் பணிக்கிறது. பாலிசி கைக்கு வந்த பின்னர் மனம் ஒப்பாவிடில், 30 நாட்களுக்குள் திருப்பியளிக்க இந்திய விதிகள் இடமளிக்கின்றன.