காளைக்குக் கொடுத்த "டோஸ்"

பையன் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றால், அப்பாவிடம் அவனுக்குச் சரியான "டோஸ்" கிடைக்கிறது. டோஸ் என்றால் டாக்டர் கொடுக்கும் மருந்தின் அளவு. அது எப்படியோ நம் வீட்டில் திட்டுக்குப் பெயராகிவிட்டது! அமெரிக்காவில் இதே டோஸ் ஒரு சமயம் சவுக்கடிக்குப் பெயராக இருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1876-ஆம் வருஷம் அங்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அடிமை முறை ஒழிந்து 11 வருஷந்தான் ஆகியிருந்தது. லூயிசியானா மாநிலத்தில் கறுப்பின மக்கள் வோட்டுப் போடக் கூடாதென்று, கும்பல்கள் அவர்களைத் தேடிப் பிடித்துச் சவுக்கால் விளாசின. காளையையே அடக்கிவிடும் அளவுக்கு அடி! "புல்" என்றால் காளை. ஆகவே இது "புல்டோஸ்". அடித்து மிரட்டுகிற ஆசாமி "புல்டோசர்". இந்தச் சொல் பிறந்த கதையாக அகராதிகள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான்.

ஆம், அதே புல்டோசர்தான்! எதிர்ப்பட்டதையெல்லாம் நெட்டித் தள்ளும் யந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது 1930-ஐ ஒட்டித்தான். கோவைப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அது நல்ல வேலைக்காரன். மேடும் பள்ளமுமான காட்டைச் சமன் செய்ய, சர்க்காரின் வேளாண் பொறியியல் துறையிடமிருந்தே அதை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் பழைய அர்த்தம் போய்விடவில்லை. பிறரை வாய் திறக்க விடாமல் தம் பேச்சையே சாதித்துக்கொள்ளுகிறவர், மற்றவர்களைப் "புல்டோஸ்" செய்கிறார் என்பார்கள். மாதர் சங்கங்களிலும் இப்படி ஒருவர் இருப்பாரே! நம் ஊரில் இதற்கு உருட்டல் மிரட்டல் என்று பெயர்.

சமீப வருஷங்களில் வட மாநிலங்கள் சிலவற்றில் யந்திரமே மிரட்டலாகிவிட்டது. ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தால் போதும், வழக்கு முடியுமுன் அவர் வீட்டு வாசலில் புல்டோசர் வந்து நின்றது. குற்றம் அவருடையதாகவே இருக்கட்டும். அவர் மனைவியும் குழந்தைகளும் வயதான தாயாரும் என்ன செய்தார்கள்?

சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 13-ஆம் தேதி இதற்குக் கடிவாளம் போட்டது. தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் பி. ஆர். கவாய். மற்றவர் நம் பொள்ளாச்சியைச் சேர்ந்தவர், கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே. வி. விசுவநாதன்! குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக வீட்டை இடிக்கக் கூடாது; பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஒரே இரவில் தெருவுக்கு இழுக்கப்படுவது நல்ல காட்சி அல்ல என்று அவர்கள் கூறினார்கள். விதிமீறிக் கட்டிய வீடானாலும் முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும். குறைந்தது 15 நாள் அவகாசம் வேண்டும். வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும். மீறி இடித்த அதிகாரி தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டியிருக்கும். பொதுச் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு குளம் ஆகியவற்றில் உள்ள ஆக்கிரமிப்புக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்ன கட்டடத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

ஆகவே, அப்படி ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் பயந்துபோய் அலமாரியில் செருகிவிடாதீர்கள். என்ன விதிமீறல் என்று எழுதியிருக்கிறதா, விசாரணை எந்தத் தேதியில் என்று முதலில் படித்துப் பாருங்கள். அந்த 15 நாளும் உங்களுடையவை.