கரியை வெளியேற்றிய ஆர்கான்

வீட்டிலுள்ள எவர்சில்வர் தட்டின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குரோமியம். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்கு இந்தக் குரோமியம்தான் காரணம் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். இரும்போடு குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிட்டால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து மேற்பரப்பில் ஒரு படலமாகப் படிந்துகொள்ளும். படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். கரண்டி பட்டுக் கீறினாலும் அந்த இடத்தில் புதுப் படலம் தானாகவே உருவாகிவிடும்.

குரோமியத்தைச் சேர்ப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையல்ல. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கார்பனைக் கழற்றிவிட வழி தெரியாமல்தான் எஃகுத் தொழில் அரை நூற்றாண்டு திண்டாடியது.

எஃகு ஆலைக்குக் குரோமியம் தனி உலோகமாக வருவதில்லை. குரோமைட் என்ற கறுப்புத் தாதுவிலிருந்து கிடைக்கும் ஃபெர்ரோகுரோமாக வருகிறது. இந்தியாவின் குரோமைட் வளம் கிட்டத்தட்ட முழுவதும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. உலக அளவில் தென்னாப்பிரிக்காவுக்கு முதலிடம். தாதுவையும் கோக் கரியையும் மின்வில் உலையில் கொட்டி, 1,700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுவார்கள். ஒரு டன் ஃபெர்ரோகுரோம் எடுக்க 3,000 முதல் 4,000 யூனிட் வரை மின்சாரம் போகும். மின்கட்டணம் ஏறினால் உலை அணையும் தொழில் இது. தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கும் வேலை கோக் கரியுடையது. வேலை முடிந்த பிறகும் அது முழுதாக விலகுவதில்லை. உருகிய உலோகத்தில் 6 முதல் 8 சதவீதம் கார்பனாகத் தங்கிவிடும்.

கார்பன் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? கத்திக்கு அது நல்லது, கூர் நிற்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் வார்த்த எஃகில் 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன். துப்பாக்கிக் குழல் அரிப்பை ஆராயப் போனவருக்குக் கிடைத்த அந்த எஃகு கடைசியில் சாப்பாட்டு மேசைக் கத்தியானது. ஆனால் பால் டேங்கும் ரசாயன ஆலைக் குழாயும் வெல்டிங் செய்யப்படுபவை. வெல்டிங் சூட்டில் கார்பன் அக்கம்பக்கத்துக் குரோமியத்தை இழுத்துக்கொள்ளும். குரோமியம் வற்றிய அந்தக் கோட்டில் பிறகு துரு ஏறும். எனவே கார்பன் 0.08 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.03 இருந்தால் இன்னும் நல்லது.

சாதாரண எஃகில் கார்பனை நீக்குவது சுலபம். ஆக்சிஜனை ஊதினால் போதும், கார்பன் மோனாக்சைடு வாயுவாக அது போய்விடும். குரோமிய எஃகில் அது நடக்காது. கார்பனுக்கு முன்பே குரோமியம் ஆக்சிஜனைப் பிடித்துக் கசடாக மேலே மிதக்கும். காசு கொடுத்து வாங்கிய உலோகம் குப்பைக்குப் போகும். உலைச் சூட்டை 1,800 டிகிரிக்கு மேல் ஏற்றினால் கார்பன் முந்திக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தது. அந்தச் சூட்டில் உலையின் உட்செங்கல் தாங்கவில்லை. இன்னொரு வழி, கார்பன் குறைந்த ஃபெர்ரோகுரோமையே வாங்கிப் போடுவது. அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

அமெரிக்காவின் யூனியன் கார்பைட் நிறுவனத்தில் வில்லியம் கிரிவ்ஸ்கி 1954-ல் இந்த வினையைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜனால் எக்கச்சக்கமாக ஏறிய சூட்டைத் தணிக்க ஆர்கான் வாயுவைக் கலந்து ஊதினார். எதிர்பார்த்ததைவிடக் கார்பன் அதிகமாக இறங்கியது, குரோமியமோ உள்ளேயே நின்றது. ஆர்கான் எதோடும் வினைபுரியாத வாயு. குமிழிக்குள் அது கலந்ததும் கார்பன் மோனாக்சைடின் அழுத்தம் குறைகிறது. அதனால் கார்பன் எளிதாக வெளியேறுகிறது. சூட்டைக் குறைக்கப் போட்டது வேறொரு கதவைத் திறந்துவிட்டது. முதல் ஆலை 1968-ல்தான் ஓடத் தொடங்கியது.

இன்று உலகின் எவர்சில்வரில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படித்தான் தயாராகிறது. ஒரு பங்கு ஆர்கானுக்கு மூன்று பங்கு ஆக்சிஜன் என்று ஊதத் தொடங்குவார்கள். கார்பன் குறையக் குறைய விகிதத்தைத் தலைகீழாக்குவார்கள். கடைசியில் ஃபெர்ரோசிலிக்கனைப் போட்டு, கசடுக்குப் போன குரோமியத்தையும் மீட்டுவிடுவார்கள். இதனால் மலிவான ஃபெர்ரோகுரோமும் பழைய இரும்புக்கடைச் சரக்கும் தாராளமாக உலைக்குள் வர முடிந்தது. சேலம் உருக்காலையும் தன் சொந்த உருக்குக்கூடத்தை இந்த முறையில்தான் அமைத்தது; 2010 வரை வெளியிலிருந்து வந்த எஃகைத்தான் அது தகடாக்கிக்கொண்டிருந்தது.

விலைக்கணக்கில் இப்போது தலைவலி நிக்கல். 18-8 என்று முத்திரை குத்தியிருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று பொருள். நிக்கல் விலை கூடியதால் நம் ஊர்ப் பாத்திரங்கள் பலவற்றில் அதைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். இந்த இரண்டு வகையிலும் காந்தம் ஒட்டாது. பாத்திரக் கடையில் காந்தத்தோடு போய் நிற்பவர் இவற்றைப் பிரித்தறிய முடியாது. நிக்கலே இல்லாத, ஆனால் நல்ல குரோமிய எஃகில் காந்தம் பளிச்சென்று ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரத்தின் அடித்தட்டு பெரும்பாலும் அதுதான். அசல் 18-8 டம்ளரிலும் அழுத்தி வளைத்த விளிம்பில் மட்டும் காந்தம் லேசாகப் பிடிக்கும், ஏனென்றால் வளைத்த இடத்தில் எஃகின் படிக அமைப்பே மாறியிருக்கும். வாங்குமுன் காந்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்க வேண்டியது, எந்த ரகம், 18-8 ஆன 304-ஆ, மாங்கனீசு சேர்த்த 200 வரிசையா என்பதைத்தான்.