கால்நடை மருத்துவம் படிக்கக் கல்லூரி மாறும் முன்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு கால்நடை மருத்துவத்தில் சேர்ந்து, ஐந்தரை ஆண்டில் டாக்டராக வெளியே வந்துவிடலாம். அமெரிக்காவில் வழி நீளம். முதலில் ஒரு கல்லூரியில் இளநிலைப் படிப்பு, அதற்குப் பிறகு டி.வி.எம். என்ற நான்காண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பு. அந்த இளநிலைப் படிப்பின் நடுவில் கல்லூரி மாறுவது அங்கே சர்வ சாதாரணம். செலவைக் குறைக்க இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவோர் உண்டு. கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில்தான் தன் மனம் விலங்குகள் பக்கம் இருக்கிறது என்று கண்டுகொள்வோரும் உண்டு. இப்படி மாறினால் பேர் கெட்டுவிடுமோ என்று வீட்டில் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். மாறியதற்காக யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை. ஆனால் மாறும் அவசரத்தில் அறுந்துபோகும் சில இழைகள் உண்டு. அவற்றைப் பின்னால் ஒட்டவைப்பது கஷ்டம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'ப்ரீ-வெட்' என்பது பெரும்பாலான இடங்களில் ஒரு பட்டத்தின் பெயரே இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களின் தொகுப்பு அது: ஆய்வகத்தோடு கூடிய உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், புள்ளியியல், அதற்கு மேல் உயிர்வேதியியல், மரபியல், உடலியங்கியல். இவற்றை முடித்தால் போதும், பட்டம் வரலாற்றிலோ இசையிலோ இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆகவே 'ப்ரீ-வெட் இருக்கிறது' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி ஒரு கல்லூரிக்கு மாறத் தேவையில்லை.

இழை முதலில் அறுவது பாடங்களில்தான். கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே பல கம்யூனிட்டி காலேஜ்கள் செமஸ்டர் முறையில் நடக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் குவார்ட்டர் முறையில் நடக்கிறது. பொது வேதியியலை முன்னது இரண்டு செமஸ்டரில் முடிக்கும். டேவிஸ் அதையே 2ஏ, 2பி, 2சி என்று மூன்று குவார்ட்டராகப் பிரித்து நடத்தும். ஒரு செமஸ்டர் வேதியியல் படித்துவிட்டு மாறும் மாணவிக்கு 2ஏ முழுவதும் தெரியும், 2பியில் பாதி தெரியும். ஆனால் அரைப் பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது. அவள் படித்ததையே மறுபடி படிப்பாள், இல்லையென்றால் தெரியாத பாதியோடு அடுத்த வகுப்பில் உட்காருவாள். இரண்டுமே வேண்டாத தொல்லை. தொடராக வரும் பாடத்தை, குறிப்பாகப் பொது வேதியியல், கரிம வேதியியல் இரண்டையும் இயற்பியலையும், தொடங்கிய இடத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் நல்லது. எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதைப் பார்க்க அந்த மாநிலத்தில் 'அசிஸ்ட்' என்ற பொது இணையதளமே இருக்கிறது. முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன்பே அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் ஏற்குமா என்று பலர் கேட்கிறார்கள். அடிப்படைப் பாடங்களுக்குப் பெரும்பாலும் ஏற்கின்றன. உயிர்வேதியியல், உடலியங்கியல் போன்ற மேல்நிலைப் பாடங்களை நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில்தான் படித்திருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் நிபந்தனை போடுகின்றன. மாறிய பிறகு படிக்க அவற்றை விட்டுவைப்பது பாதுகாப்பு.

அடுத்தது மதிப்பெண். இடம் மாறினால் புதிய பல்கலைக்கழகம் ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரியைப் பெரும்பாலும் புதிதாகத் தொடங்கும். பழைய சறுக்கல் மறைந்துவிட்டது போல ஒரு நிம்மதி வரும். அது அந்த வளாகத்துக்குள் மட்டும்தான். பெரும்பாலான கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு வி.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். டெக்சாஸில் தனி ஏற்பாடு. படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும், கோடையில் படித்த ஒற்றைப் பாடம் உட்பட, அந்தப் பொது விண்ணப்பம் கேட்கும். ஒரு பாடத்தில் எஃப் வாங்கி, திரும்பப் படித்து ஏ வாங்கியிருந்தால், பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும் சலுகையைக் கல்லூரி தரலாம். பொது விண்ணப்பத்திலோ இரண்டும் கணக்கில் ஏறும்.

ஆனால் அதே கணக்கில் மாறி வருவோருக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. மொத்த ஜிபிஏவோடு அறிவியல் பாடங்களுக்கும் கடைசி 45 செமஸ்டர் கிரெடிட்டுக்கும் தனித்தனி ஜிபிஏ போடுகிறார்கள். முதல் 60 கிரெடிட்டில் 3.0, மாறிய பின் வந்த 60 கிரெடிட்டில் சீராக 3.8 எடுத்தவருக்கு மொத்தம் 3.4தான் வரும். கடைசி 45 என்று பார்த்தால் 3.8. இதற்குத் தனி எடை தரும் கல்லூரிகள் உண்டு. தொடக்கத்தில் தடுமாறிய பிள்ளைகளிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும். தெரியாமலேயே கனவைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

நாட்காட்டிதான் பலரையும் ஏமாற்றுகிறது. வி.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பம் செப்டம்பர் நடுவில் மூடும். சேர்வது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வாக்கில். மூன்றாம் ஆண்டில் மாறி வந்தவர் நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அப்போது புதிய இடத்தில் அவர் கையில் இருப்பது ஓராண்டு மதிப்பெண் மட்டுமே. அந்த ஒரே ஆண்டில் கடினமான மேல்நிலைப் பாடங்கள், புதிய ஊர், பரிந்துரைக் கடிதம் தரும் அளவுக்குப் பேராசிரியரோடு பழக்கம், எல்லாம் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருடம் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே விண்ணப்பிப்பது தோல்வியில்லை. மாறி வருவோருக்கு அதுவே பல நேரம் சரியான திட்டம் என்பது என் எண்ணம்.

விலங்குகளோடு கழித்த மணிநேரங்களையும் விண்ணப்பம் இரண்டாகப் பிரித்துக் கேட்கும். கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்தது ஒரு வகை. மருத்துவர் இல்லாமல் பண்ணையிலோ காப்பகத்திலோ செய்தது இன்னொரு வகை. பொதுவாக மூன்று பரிந்துரைகள் கேட்பார்கள், அதில் ஒன்றாவது கால்நடை மருத்துவரிடமிருந்து வர வேண்டும் என்பது பல கல்லூரிகளின் எதிர்பார்ப்பு. ஊரை விட்டுக் கிளம்பும் முன், அதுவரை கூடவே நின்று வேலை பார்த்த மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, செய்த வேலை, தேதி, நேரம் எல்லாம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் திடீரென்று கடிதம் கேட்டால் அவருக்கும் சங்கடம்.

மாறப்போகும் இடத்தை எடைபோடவும் இந்த மணிநேரக் கணக்கு உதவும். டேவிஸ் வளாகத்திலேயே மாட்டுத் தொழுவமும் ஆட்டுக்கொட்டிலும் குதிரைலாயமும் இருக்கின்றன, இளநிலை மாணவர்கள் அங்கே வேலை பழகலாம். அடிபட்ட கழுகு, ஆந்தைகளைப் பராமரிக்கும் மையத்தில் தன்னார்வலராகச் சேரலாம். நாய், பூனை தவிர வேறொன்றையும் தொட்டறியாத நகரத்துப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட வளாகம், பெயர் பெற்ற ஆனால் விலங்கே இல்லாத வளாகத்தைவிடப் பெரிய வாய்ப்பு.

பணக் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சொந்த மாநிலத்தவருக்குத் தனி இடங்களும் குறைந்த கட்டணமும் வைத்திருக்கின்றன. இளநிலைக்காக வேறு மாநிலத்துக்கு மாறினால் அந்த ஊர்க்காரர் ஆகிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. படிப்பதற்காக மட்டுமே தங்கிய காலத்தைப் பல மாநிலங்கள் கணக்கில் எடுப்பதில்லை. வயோமிங், ஹவாய் போன்ற மாநிலங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இல்லை. அங்கிருப்பவர்களுக்கு வேறு மாநிலங்களில் படிக்க மேற்கு மாநிலங்களின் கூட்டு ஏற்பாடு ஒன்று உதவுகிறது. அவசரமாக முகவரி மாற்றுபவர் அதை இழக்கக்கூடும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு உள்மாநிலக் கட்டணம் பொதுவாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டவரையே சேர்க்காத அரசுக் கல்லூரிகளும் இருப்பதால், அவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுத் தெளிவது நல்லது.

கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள், பள்ளி முடித்து வரும் மாணவர்களுக்கே கால்நடை மருத்துவ இடத்தை முன்கூட்டி ஒதுக்கும் திட்டங்களை வைத்திருக்கின்றன. அப்படி ஓர் இடம் கையில் இருக்கும்போது வளாகம் பிடிக்கவில்லை என்று மாற நினைத்தால், ஒப்பந்த விதிகளை வரி வரியாகப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எங்கே மாறினாலும், பழைய கல்லூரியின் மின்னஞ்சல் கணக்கு மூடப்படும் முன் ஒவ்வொரு அறிவியல் பாடத்தின் பாடத்திட்டத்தையும் தரவிறக்கிச் சேமித்துவிடுங்கள். உங்கள் வேதியியலில் ஆய்வகம் இருந்ததா, எந்தெந்தப் பகுதி நடந்தது என்று ஒரு சேர்க்கை அலுவலகம் கேட்கும்போது, காட்டுவதற்கு உங்களிடம் அந்தத் தாள் இருக்கும்.