உங்களுக்குத் தெரியுமா? சிப்புக்குள் ஓடும் நாட்காட்டி

தைப்பூச வாரத்தில் ஒரு விநாடி
2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. மலேசிய நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடி. நேரத்தைப் பழைய 32 பிட் கணக்கில் எண்ணிவரும் கருவிகளுக்கு அதுதான் கடைசி விநாடி. அடுத்த விநாடியே அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். அந்த வியாழக்கிழமை பௌர்ணமி. அதாவது பத்துமலைக்குத் தைப்பூசக் கூட்டம் திரளும் வேளை. ரயிலும் சாலை விளக்கும் மருத்துவ முகாமும் ஓயாமல் இயங்கவேண்டிய நேரத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நமக்கு அது 7:30
அந்த எண்ணிக்கை 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் தொடங்கியது. கோலாலம்பூரில் அப்போது காலை மணி 7:30. தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது 1982 புத்தாண்டில்தான்.

எல்லாச் சிப்புக்கும் தேதி தெரியாது
மின்சாரம் போய் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும் சாதாரண ரைஸ் குக்கர் சிப்புக்கு 2000-மும் ஒன்றுதான், 2038-ம் ஒன்றுதான். தேதியைத் தக்கவைக்கப் பெரும்பாலும் தனிக் கடிகாரச் சிப்பும் அதற்கொரு பேட்டரியும் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாசல் அட்டைக் கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பழுதுபார்ப்பவர் திறக்கும்போது எட்டிப் பாருங்கள். 20 சென் காசு அளவில் ஒரு வட்ட பேட்டரி, பக்கத்தில் சின்னஞ்சிறு உலோக உருளை. உருளைக்குள் இருப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

இவை இரண்டும் இருந்தால் கருவி பெரும்பாலும் தேதி வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். பேட்டரி இல்லாமல் இணையத்திலிருந்து நேரம் வாங்கும் கருவிகளும் உண்டு. அவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்து, அந்தத் தேதியை வைத்து அது என்ன செய்கிறது? திரையில் காட்டுவதோடு சரி என்றால் தொல்லை மட்டுமே, ஆபத்தில்லை. ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்துவிட்டு, பராமரிப்புக் காலம் தாண்டிவிட்டது என்று தானே நின்றுவிடும் கருவிக்குத்தான் உண்மையில் அஞ்ச வேண்டும்.

366-வது நாள்
1996 ஆண்டின் முடிவில் நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் கட்டுப்பாட்டுக் கணினிகள் மொத்தமாக நின்றன. அது லீப் ஆண்டு. 366-வது நாள் என்று ஒன்று உண்டு என்பதை மென்பொருள் அறியவில்லை. உருக்கும் கலங்கள் சூடேறிப் பாழாகி, 1 மில்லியன் நியூசிலாந்து டாலருக்கு மேல் இழப்பு. 2 மணி நேரம் கழித்து டாஸ்மேனியாவின் பெல் பே ஆலையிலும் அதே கதை. அங்கே நேரம் 2 மணி பின்தங்கியது, அவ்வளவுதான்! 2000 பிறக்கும்போது கணினிகள் தேதி குழம்பும் என்று எல்லாரும் அந்த ஆண்டையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இங்கே இரவு 11 மணி
2000 பிறக்க மலேசியாவில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜப்பானில் நள்ளிரவு கடந்துவிட்டது. அங்கே இஷிகாவாவில் கதிரியக்கக் கண்காணிப்புக் கருவி செயலிழந்தது. பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்றார்கள். மலேசியாவில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. வீண் பீதி என்று பின்னால் சொன்னவர்கள், முந்தைய ஆண்டுகளில் உட்கார்ந்து கருவி கருவியாகச் சோதித்தவர்களின் உழைப்பை மறந்துவிட்டார்கள். அது நியாயமல்ல.

10 எப்படி 16 ஆனது?
2010 ஜனவரியில் ஜெர்மனியில் சுமார் 30 மில்லியன் வங்கி அட்டைகள் திணறின. பழுது அட்டைச் சிப்பிலேயே இருந்தது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் பேங்க் ஆஃப் குயின்ஸ்லாந்தின் அட்டைக் கருவிகள் 2016-க்குத் தாவின. 10 என்ற இலக்கங்களைப் பதினாறடிமான எண்ணாகப் படித்தால் 16 வரும். 09 வரை இரண்டு முறையிலும் ஒரே விடை என்பதால் பத்தாண்டு யார் கண்ணிலும் படவில்லை.

கிள்ளானுக்கு வரும் கப்பல்கள்
ஜி.பி.எஸ். வாரங்களை 1,023 வரை எண்ணி மீண்டும் சுழியிலிருந்து தொடங்குகிறது. 1999 ஆகஸ்ட்டில் முதல் சுற்று முடிந்தபோது ஜப்பானில் பல கார்களின் வழிகாட்டிகள் தடுமாறின. மூன்றாவது சுற்று முடிவது 2038 நவம்பர் 21, நம் நேரம் காலை 8 மணி வாக்கில். போர்ட் கிள்ளானில் நுழையும் பழைய கப்பல்களின் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

தாத்தாவும் கொள்ளுப்பேரனும்
நம் அடையாள அட்டை எண்ணில் பிறந்த ஆண்டுக்கு இன்றும் 2 இலக்கம்தான். 1938-இல் பிறந்தவருக்கும் 38, 2038-இல் பிறக்கப்போகும் குழந்தைக்கும் 38. முதல் 6 இலக்கத்தை மட்டும் பார்த்து வயது சொல்லும் மென்பொருள் இடறும்.

தள்ளிப் பார்ப்பதற்கு முன்
சோதனைக்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்தினால் சில கருவிகளில் உரிமமும் கடவுச்சொல்லும் காலாவதியாகிவிடும். தேதியைத் திருப்பி வைத்தாலும் மீளாது. ஆகவே மாற்றுக் கருவியில்தான் முதல் சோதனை. அடுக்குமாடி நிர்வாகக் குழுவினரே, நீங்கள் இன்று மாட்டும் மின்தூக்கி 2038-இலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் அந்த ஆண்டுக்கான சோதனைச் சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

பிப்ரவரி 29, 2100
அப்படி ஒரு நாளே கிடையாது. நான்கால் வகுபட்டாலும் 2100 லீப் ஆண்டு அல்ல. பரவலாகப் புழங்கும் டி.எஸ். 1307 கடிகாரச் சிப்பின் விவரத்தாளிலோ, லீப் கணக்கு 2100 வரைதான் செல்லும் என்று அச்சிட்டே இருக்கிறது.