டேப் ஒட்டினா ஆடலாமா, சார்?

வாரக் கடைசியில் 13 வயசுக்கு உட்பட்ட பசங்களோட ஃபுட்பால் மேட்சுக்கு விசில் ஊதப் போறேன். இந்த சீசன்ல நான் அதிகமா கேட்ட கேள்வி மேலே தலைப்பில் இருக்கிறதுதான். ஆஃப்சைடு, ஹேண்ட்பால் சண்டையெல்லாம் அப்புறம். கிக்-ஆஃபுக்கு முன்னாடி ரெண்டு டீமையும் வரிசையா நிக்க வெச்சு கை, காது, கழுத்து, கால்னு பார்க்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான் நிஜமான தலைவலி. "பூட்ஸைத் தடவிப் பார்க்கிறதுக்கு ஒரு பரீட்சை எழுதினியாடா?"ன்னு ரூம்மேட் கேட்டான். அவனுக்கான பதில் இது.

ஃபுட்பால் விதிகளை எழுதுவது ஐஎஃப்ஏபி என்ற அமைப்பு. மொத்தம் 17 விதிகள். அதில் நாலாவது, ஆட்டக்காரர் அணிய வேண்டியதைப் பற்றியது. கை வைத்த ஜெர்சி, ஷார்ட்ஸ், ஸ்டாக்கிங்ஸ், ஷின் கார்ட், காலணி இந்த ஐந்தும் கட்டாயம். உள்ளே போடும் பனியன் என்ன கலர், ஸ்டாக்கிங்ஸ் மேல சுத்துற டேப் என்ன கலர் என்றெல்லாம்கூட இருக்கிறது. அதை விடுங்க, கலரால யாருக்கும் அடிபடாது. முக்கியமான வரி வேற: ஆபத்தான எதையும் அணியக் கூடாது. செயின், மோதிரம், வளையல், கம்மல், லெதர் பட்டை, ரப்பர் பட்டை என்று எந்த நகையானாலும் கழற்றியே ஆக வேண்டும். டேப் ஒட்டி மறைப்பதற்கு அனுமதி இல்லை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ரெஃபரிக்கும் இதே விதிதான், நேரம் பார்க்கிற வாட்ச் மட்டும் விலக்கு. என் வெள்ளிக் காப்பு மேட்ச் முடியுற வரை பையிலதான் கிடக்கும்.

டேப் ஏன் போதாது? போன வருஷம் நானும் போதும்னுதான் நினைச்சேன். ஒரு பையன் காதுல சின்னக் கடுக்கன். கோச் அவசரமா டேப் ஒட்டிவிட்டார், நானும் தலையாட்டிட்டேன். ரெண்டாவது பாதியில ஒரு கார்னருக்கு ரெண்டு பேர் ஒண்ணா எகிறினாங்க, எதிராளியோட தலை இவன் காதுல மோதிடுச்சு. டேப் அப்படியே ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா பின்பக்கத் திருகாணி காதுக்குப் பின்னாடி தோல்ல இறங்கி ரத்தம். பெரிய காயமில்லை, ரெண்டு தையல். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது புரியும்: அதே விசை, ஆனா அது இறங்குற பரப்பு ஒரு திருகாணி முனை அளவுதான். அழுத்தம் எங்கேயோ போயிடும். அந்தக் கணக்குல டேப்புக்கு வேலையே இல்லை, அது கடுக்கனைக் கீழே விழாம பார்த்துக்கும், அவ்வளவுதான். தப்பு கோச்சோடது இல்லை. பார்த்துட்டு விட்டவன் நான்.

மோதிரத்துக்கு இதைவிட மோசமான உதாரணம் இருக்கு. 2004 டிசம்பர், ஸ்விட்சர்லாந்து லீக். செர்வெட் அணியின் பாவ்லோ டியோகோ, ஷாஃப்ஹவுசன் அணிக்கு எதிரா ஒரு கோலுக்குப் பாஸ் கொடுத்துட்டு, ரசிகர்களோட கொண்டாட வேலி மேல ஏறினார். அப்போதான் கல்யாணம் ஆகியிருந்தது. குதிக்கும்போது கல்யாண மோதிரம் வேலியில மாட்டிக்கிச்சு. உடம்பு கீழே வந்துடுச்சு, விரலோட மேல்பகுதி வரலை. அதைத் தேடி எடுத்தும் மருத்துவர்களால் திரும்ப ஒட்ட முடியவில்லை. எல்லை மீறிக் கொண்டாடினதுக்கு மஞ்சள் கார்டு வேற. அவரை யாரும் இடிக்கலை, ஃபவுல் எதுவும் இல்லை. ஒருத்தரோட மொத்த எடையும் ஒரு விரல்ல இருக்கிற உலோக வளையத்துல தொங்கினா, விட்டுக்கொடுக்கிறது உலோகம் கிடையாது. நம்ம கிரவுண்டுல கோல் நெட்டை மாட்டுற கொக்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அடுத்தது ஷின் கார்ட். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. தோல், உடனே எலும்பு. நடுவுல தாங்க சதையே கிடையாது. ஷின் கார்டோட கெட்டியான ஓடு அடியைப் பரப்பிவிடுது. உள்ளே இருக்கிற ஃபோம் அடி இறங்குற நேரத்தைக் கொஞ்சம் நீட்டுது. உந்தம் மாறுற அளவு அதேதான், நேரம் கூடினா விசை குறையும், ஃபர்ஸ்ட் இயர் பாடம். எலும்பு முறிவே வராதுன்னு உத்தரவாதம் இல்லை, ஆனா தினப்படி உதைகளுக்கு அது போதும். ஐரோப்பாவில் இதைச் சோதிக்க இஎன் 13061 என்று தனித் தர அளவுகோலே உண்டு.

நம்ம பசங்ககிட்ட ரெண்டு வகை பிரச்சினை. ஒண்ணு, டிவி பார்த்து வர்றது. ஜாக் கிரீலிஷ் மாதிரி ஸ்டாக்கிங்ஸைக் கெண்டைக்காலுக்கு இறக்கிவிட்டு, தீப்பெட்டி சைஸ்ல ஒரு கார்டைச் சொருகிக்கிறது. 2024-25 திருத்தத்தில், கார்டோட அளவுக்கும் பொருத்தத்துக்கும் ஆட்டக்காரரே பொறுப்பு என்று சேர்த்தார்கள். பெரியவங்களுக்கு சரி, 12 வயசுப் பையனை எப்படிப் பொறுப்பாக்குறது? ரெண்டாவது, காசு. நோட்டு அட்டையை மடிச்சு சொருகிட்டு வர்ற பசங்க இருக்காங்க. அட்டை ஒரு அடி தாங்கும், மடிப்பு விழுந்ததும் முடிஞ்சது. வியர்வையில நனைஞ்சா கஞ்சி. அவனை அனுப்பினா அவன் ஆட்டம் போச்சு. அதனால என் பையில ரெண்டு ஜோடி பழைய கார்டு எப்பவும் இருக்கும். வெளியே வர்றவன் கார்டைக் கழற்றி உள்ளே போறவன் மாட்டிக்கிட்டாலும் தப்பில்லை, ஆனா சப்ஸ்டிட்யூட்டையும் உள்ளே விடும் முன் பார்க்கணும். இன்னொரு விஷயம்: ஆட்டத்துல தற்செயலா பூட்ஸோ கார்டோ கழண்டு விழுந்து, அப்படியே கோல் அடிச்சா அந்த கோல் செல்லும். பந்து அடுத்த முறை வெளியே போறதுக்குள்ள திரும்ப மாட்டிக்கணும்.

இதையெல்லாம் படிச்சா, சந்தேகம்னாலே 'வேண்டாம்'னு சொல்றதுதான் நல்ல ரெஃபரிங்னு தோணும். அது இல்லை. விளையாட்டுக் கண்ணாடிகள் இப்போ பாதுகாப்பானதா மாறிட்டதால, முக்கியமா சின்னப் பசங்க விஷயத்துல ரெஃபரி தாராளமா நடந்துக்கணும்னு அதே நாலாவது விதி சொல்லுது. 'பாதுகாப்பு'ன்னு சொல்லி ஆளையே வெளியே நிறுத்தின வரலாறும் இருக்கு. 2011 ஜூன்ல, ஹிஜாப் அணிஞ்சதுக்காக ஈரான் பெண்கள் அணி ஜோர்டானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிச் சுற்று மேட்ச்சை ஆட முடியாமப் போச்சு. 2013-ல கனடாவின் கியூபெக் மாகாணச் சங்கம் டர்பன் கட்டின சீக்கியப் பசங்களுக்குத் தடை போட்டுச்சு. அடிபடும்னு சொன்னவங்க யாரும் ஆதாரம் காட்டலை. கியூபெக் அதே மாசம் பின்வாங்கியது. 2014 மார்ச்ல ஐஎஃப்ஏபி தலைத்துணியை முறைப்படி அனுமதிச்சது. நிபந்தனைகள்: ஜெர்சியோட ஒட்டியிருக்கக் கூடாது, நீட்டிக்கிட்டு எதுவும் இருக்கக் கூடாது, அவனுக்கும் எதிராளிக்கும் ஆபத்து இருக்கக் கூடாது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. இது என்ன மதம், எவ்வளவு விலை, பார்க்க நல்லா இருக்கா என்பதெல்லாம் இல்லை. இது யாரையாவது குத்துமா, கிழிக்குமா, எங்கேயாவது மாட்டுமா?

கேள்வி எளிது, பதிலை முகத்துக்கு நேரா சொல்றதுதான் கஷ்டம். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு, 12 வயசு, அந்த டீமோட லெஃப்ட் விங். புதுக் கம்மல். அவங்க அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "தம்பி, குத்தி மூணு வாரம்தான் ஆகுது. கழட்டினா தூர்ந்துடும்பா. டேப் ஒட்டிக்கட்டுமே"ன்னு கேட்டாங்க. "இல்லக்கா, கம்மலோட இறக்க முடியாது"ன்னேன். "போன மேட்சுல வந்த ரெஃபரி விட்டாரே?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஒருத்தர் விட்டு இன்னொருத்தர் தடுத்தா, தடுக்கிறவன்தான் வில்லன். அந்தப் பொண்ணு அழலை. முழு மேட்சும் பெஞ்சுல உட்கார்ந்து, கம்மலைத் திருகிக்கிட்டே என்னைப் பார்த்துக்கிட்டிருந்தா. அந்த டீம் ஒரு கோல்ல தோத்துப்போச்சு.

அதுக்கப்புறம் முதல் நாளே கோச்சுகளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்: காது குத்துறதா இருந்தா டோர்னமென்ட் இல்லாத மாசத்துல குத்துங்க, கழற்ற வராத மோதிரத்துக்கு வீட்டிலேயே சோப்பு போட்டுப் பாருங்க. சாமி கயிறு பத்தி தினமும் ஒரு சண்டை. விதியில அதுக்குப் பேர் சொல்லலை. தாயத்தோ மணியோ கோர்த்திருந்தா கழற்றச் சொல்றேன். வெறும் நூல், மணிக்கட்டோட ஒட்டிக் கிடந்தா விட்டுடுறேன். சீனியர் ரெஃபரி ஒருத்தர் இதை ஒத்துக்க மாட்டார், அவர் எல்லாத்தையும் கழற்றச் சொல்வார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

அடுத்த மாசம் நம்ம இன்டர்-டிபார்ட்மென்ட் மேட்ச்சுக்கு நான்தான் விசில். மோதிரத்தை யார்கிட்ட கொடுத்து வைக்கிறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. என் பாக்கெட்டுல வாங்கி வெச்சுக்க மாட்டேன்.