பழைய கணிப்பொறிக்குப் புதிய இயக்க அமைப்பா?

உங்கள் வீட்டுப் பரண் மேலோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய மடிக்கணினி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கிறதா? குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அப்படி ஒன்று இருக்கக்கூடும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் பிளஸ் டூ படித்த உங்கள் சித்திக்கோ மாமாவுக்கோ கிடைத்த கணிப்பொறியாக அது இருக்கலாம்.

அதை எடுத்துத் துடைத்து, மின்னூட்டி, பொத்தானை அழுத்துகிறீர்கள். சற்று முனகிவிட்டு எழுந்து நிற்கிறது. உங்களுக்கோ பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்க ஆசை. பனியன் கம்பெனியில் வாங்கும் சனிக்கிழமைச் சம்பளத்தில் புதியது ஒன்று வாங்குவதென்றால் பல வாரச் சம்பளம் அதற்கே போய்விடும். ஆகவே இதையே புதுப்பித்துக்கொள்ளலாமே என்று நினைக்கிறீர்கள். அப்பா தடுக்கிறார்: "நல்லாத்தான ஓடுது கண்ணு, அத எதுக்கு நோண்டறே?"

அப்பாவின் கேள்வி சரியான கேள்விதான். அதற்கு விடை சொல்ல, முதலில் இயக்க அமைப்பு என்றால் என்னவென்று பார்ப்போம்.

ஒரு பனியன் கம்பெனியில் காலை எட்டரை மணிக்கு என்ன நடக்கிறது? எந்த டெய்லருக்கு எந்த மெஷின், எந்த மேசைக்கு எத்தனை கட்டுத் துணி, ஓவர்லாக் முடிந்தது எங்கே போக வேண்டும் என்றெல்லாம் சூப்பர்வைசர் பிரித்துக் கொடுக்கிறார். அவர் ஒரு தையல்கூடப் போடுவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது. கணிப்பொறியில் அந்தச் சூப்பர்வைசர்தான் இயக்க அமைப்பு. நீங்கள் படம் வரையும்போதும் கணக்குப் போடும்போதும் நுண்செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் பங்கிட்டுத் தருவது அதுவே. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி போன்ற ஒவ்வொரு கருவியோடும் பேச அதனிடம் ஒரு சிறிய மொழிபெயர்ப்பாளர் உண்டு. அதை டிரைவர் என்பார்கள். இந்த மொழிபெயர்ப்பாளர் பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவரப் போகிறார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு இயக்க அமைப்புகள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று, சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது மிகவும் சிக்கனமான பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட அதில் வழியில்லை! அந்நாளில் இதற்காக மாணவர்கள் பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதற்கு மறுநாள் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. எல்லாக் கணிப்பொறிகளும் முன்போலவே இயங்கின. 'நல்லாத்தான ஓடுது' என்னும் எண்ணம் பிறப்பது இங்கேதான். ஓடுவது வேறு, காப்பாக இருப்பது வேறு.

பின்னலாடை இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஓர் ஊசியின் கொக்கி உடைந்தால் துணி முழுவதும் நீளவாக்கில் ஒரு கோடு விழுகிறது. செக்கிங் மேசையில் அது உடனே தெரிந்துவிடும். இயக்க அமைப்போ பல கோடி வரிகள் கொண்ட நிரல். அதில் ஒரு வரி பிழையாக இருந்தால் கோடு எதுவும் விழாது. ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். என்றாவது ஒருநாள், அந்தப் பிழை வழியே அயலார் உள்ளே நுழைய முடியும் என்று யாரோ கண்டுபிடிக்கிறார். உருவாக்கியவர்கள் உடனே திருத்தம் எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். நாம் 'அப்டேட்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. திருத்தம் வெளியானவுடன் அதைப் பிரித்துப் படிப்பவர்களில் திருடர்களும் உண்டு. எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது தெரிந்துவிடும் அல்லவா? புதிய அமைப்பில் அடைபட்ட அதே ஓட்டை பழைய அமைப்பிலும் பல சமயம் இருக்கும்; அங்கே அடைக்க ஆளில்லை. எனவே ஆதரவு முடிந்த அமைப்பு, ஒவ்வொரு மாதமும் தானாகவே சற்று அதிக ஆபத்துக்கு உள்ளாகிறது, அதில் ஒரு எழுத்தும் மாறாமலேயே!

2017-இல் உலகம் இதை நேரில் கண்டது. கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் அதே ஓட்டை வழியே பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் மறுநாள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆனால் சிக்கியவற்றுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7-தான்! திருத்தம் வந்தும் அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். புதிய அமைப்பை வைத்துக்கொண்டு அப்டேட்டை நிறுத்திவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மாற்றிவிடுவதென்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பழைய கணிப்பொறி புதிய சுமையைத் தாங்குமா?

முதலில் நினைவகம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் அமைப்பு. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் வேண்டும். 32 பிட்டுகளைக் கொண்டு எழுதக்கூடிய எண்கள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4,29,49,67,296. இதுவே 4 ஜிகாபைட்டு. தெருவில் அதற்குமேல் வீடு கட்டினாலும் எண் கொடுக்க முடியாது. ஸ்டார்ட்டரோ 2 ஜிகாபைட்டிலேயே நின்றுவிடும். ஆனால் அமைப்பு 32 பிட் என்பதால் நுண்செயலியும் 32 பிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 64 பிட் நுண்செயலியின் மேல் 32 பிட் அமைப்பைப் போட்டு விற்றது அக்காலத்தில் சாதாரணம். நுண்செயலியின் பெயரைக் குறித்துக்கொண்டு அதன் விவரத்தைத் தேடிப் பாருங்கள். 64 பிட்டாக இருந்தால் வாய்ப்புகள் விரிகின்றன.

அடுத்தது வேகம். நினைவகம் போதாதபோது இயக்க அமைப்பு என்ன செய்கிறது தெரியுமா? உடனே தேவைப்படாதவற்றை வன்தட்டுக்கு எடுத்துச் சென்று வைக்கிறது. வேண்டும்போது திரும்ப எடுத்துவருகிறது. பழைய மடிக்கணினியின் வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 மில்லிநொடி ஆகிறது. நினைவகத்துக்கோ ஒரு மில்லிநொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதாவது ஒன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம்!

இதை இப்படிப் பாருங்கள். மெஷின் பக்கத்தில் இருக்கும் நூல் கோனை எடுக்க ஒரு நொடி ஆகிறதென்றால், அதே கணக்கில் வன்தட்டிலிருந்து எடுத்துவர ஒன்றே முக்கால் நாள் ஆகும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்னும் திண்மச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் அதே வேலை சுமார் 17 நிமிடத்தில் முடியும். 'புதிய இயக்க அமைப்பைப் போட்டால் கணிப்பொறி வேகமாகும்' என்று சிலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. வேகம் தருபவை நினைவகமும் எஸ்எஸ்டியும்தான். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிடிஆர்3 வகை நினைவகம் இருக்கும். டிடிஆர்4 வாங்கிவந்தால் அதன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் பொருந்தவே பொருந்தாது. பழைய நினைவகத் துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

இனி, எதைப் போடுவது? விண்டோஸ் 11-க்கு 64 பிட் நுண்செயலியும் 4 ஜிகாபைட்டு நினைவகமும் மட்டும் போதாது. டிபிஎம் 2.0 என்னும் காப்புச் சில்லும் வேண்டும். மறைபொருளாக்கும் திறவுகோல்களைப் பூட்டிவைப்பது அதன் வேலை. அதன் இலக்கணமே 2014-இல்தான் வெளியானது. 2011-இல் செய்த கணிப்பொறியில் அது எப்படி இருக்கும்? குறுக்குவழியில் ஏற்றுவோர் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு உறுதி இல்லை. எதற்காக மாற்றுகிறோமோ அதுவே கிடைக்காமல் போகலாம். விண்டோஸ் 10-இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டித்தார்கள். ஆகவே அந்தப் படிக்கும் ஏறுவதில் பயனில்லை.

எஞ்சியிருப்பது லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த அமைப்பை யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது தமிழ்நாட்டு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸைப் பரிசீலிக்கச் சொன்னது. பாஸின் அடிப்படை டெபியன் என்னும் வெளியீடு. அதிலும் ஒரு கண் வேண்டும்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 பழைய 32 பிட் கணிப்பொறிகளில் நேரடியாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. நுண்செயலியின் பெயரைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

லினக்ஸில் இன்னொரு வசதி உண்டு. வன்தட்டைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிகாபைட்டு பென்டிரைவில் அதை எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியை எழுப்புங்கள். வைஃபை கிடைக்கிறதா? ஒலி வருகிறதா? திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? முன்பு சொன்ன மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டார்களா என்று ஒரு மாலை முழுவதும் சோதியுங்கள். பிடிக்கவில்லையானால் பென்டிரைவைக் கழற்றிவிட்டால் போதும்; பழையது அப்படியே இருக்கும்.

இவ்வளவும் வீட்டு மடிக்கணினிக்கு. உங்கள் அப்பா வேலை செய்யும் கம்பெனியில் ஒரு பழைய கணிப்பொறி இருந்தால் நான் வேறு விடை சொல்வேன். டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பீஸ்ரேட் சம்பளக் கணக்கு. கரகரவென்று அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி. அல்லது எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் நிரல். 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் டாஸ் நிரலை ஓட்டாது. பழைய எம்பிராய்டரி மெஷினுக்குப் புதிய டிரைவர் எழுதித் தரவும் ஆள் கிடைப்பது அரிது. அங்கே அமைப்பை மாற்றினால் சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோகும்! அந்தக் கணிப்பொறியை மாற்றாமல், இணையத்திலிருந்து துண்டித்துவிடுவதே முறை. வன்தட்டை அப்படியே நகலெடுத்து இன்னொரு தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ட பென்டிரைவையும் அதில் செருகக் கூடாது. இணையமே எட்டாத இடத்துக்கும் நச்சுநிரல் பென்டிரைவில் ஏறிப் போகும். 2010-இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' ஈரானின் நதான்ஸ் அணு ஆலைக்குள் அப்படித்தான் போயிற்று என்கிறார்கள்.

மடிக்கணினிக்குத் திரும்புவோம். மாற்றுவதென்று முடிவு செய்தால், 'நிறுவு' என்னும் பொத்தானைத் தொடுமுன் சித்தியைக் கேளுங்கள். அவருடைய கல்லூரிப் படங்களும் திட்ட அறிக்கையும் அதற்குள் இருக்கலாம். எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அவற்றின் எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல. 'அம்மா' என்று தட்டினால் அங்கே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவைதாம் கண்ணுக்குத் தெரியும். ஒருங்குறியாக மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன; மாற்றிவைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். மின்சாரம் நின்றால் கணிப்பொறியும் அந்த நொடியே நின்றுவிடும். பாதி நிறுவிய அமைப்பு எதற்கும் உதவாது. எனவே மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று விசாரித்துவிட்டு, வேறொரு நாளில் தொடங்குங்கள்.